விதியும் கைப்பக்குவமும்

ஒருவருடைய கையில் உறைந்திருக்கும் அறிவை வேறொருவருக்குச் சொல்லின் வழியாகக் கொடுத்துவிட முடியுமா என்னும் கேள்வி, குருவும் சிஷ்யனும் எதிரெதிரே அமர்ந்த காலந்தொட்டுத் தத்துவ விசாரத்தில் இருந்துவருகிறது. அதை எழுப்பிப் பார்ப்பதற்கு அடுப்பங்கரையைக் காட்டிலும் உகந்த இடம் எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், ஆன்ம விஷயத்தில் உபதேசம் பலித்ததா இல்லையா என்பது ஆயுள் முழுதும் தெரியாமலே போகக்கூடும், சமையலிலோ இலை போட்ட அரை நாழிகைக்குள் தெரிந்துவிடுகிறது. நிர்ணயம் இவ்வளவு விரைவாகக் கிடைக்கிற துறையில் சொல்லின் வலிமையையும் வரம்பையும் சோதித்தறிவது சுலபம். நீலகிரி மலைமேல் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சோதனை, அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தினந்தோறும் நேர்கிறது.

தமிழில் சமையலை எழுத்தால் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கையை நிலைநாட்டிய நூல் எதுவென்று கேட்டால், 1951-ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ். மீனாக்ஷி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்பதில் பெரும்பாலோர்க்குக் கருத்து வேற்றுமை இராது. 1905-இல் பிறந்து, இளம் பிராயத்திலேயே கணவரை இழந்து, பந்துக்களிடையே கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்றிருந்த அந்த அம்மையாரிடம் உறவுப் பெண்கள் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்ததும், அதைக் கண்ட உறவினர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிடும்படி அவரைத் தூண்டியதும் பலர் அறிந்த செய்தி. அதற்கு முன் நம் வீடுகளில் ‘கண் திட்டம்’, ‘கை அளவு’ என்ற இரண்டு சொற்களே சமையலின் சாஸ்திரமாக இருந்தன. மாமியாரின் பக்கத்தில் நின்று, நறுக்கிக் கொடுத்து, அரைத்துக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தேறுவதே மார்க்கம் என்று கருதப்பட்டது. டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் உத்தியோகத்தின் நிமித்தம் போன குடும்பங்களில் பக்கத்தில் நிற்க மாமியார் ஏது? அந்தப் பெண்களின் பெட்டியில் புடவைகளுக்கிடையே இந்தப் புத்தகம் சென்றது.

வேதாந்த நூல்கள் தொடங்கும்போதே அந்த நூலைக் கற்பதற்கு அதிகாரி யார் என்று சொல்லிவிடுவது மரபு. நித்தியம் இது, அநித்தியம் இது என்று பகுத்தறிந்தவன், வைராக்கியம் உடையவன், சமம் தமம் முதலானவை கைவந்தவன் என்று லக்ஷணங்கள் அடுக்கப்படும். மீனாக்ஷி அம்மாளின் நூலுக்கு அதிகாரி யாரென்று பார்த்தால், ஒன்றும் தெரியாதவளே அதிகாரி. எவ்வளவு துவரம்பருப்பு, எவ்வளவு புளி, எதற்குப் பின் எது, எந்த நிறம் வந்தால் இறக்குவது என்பதையெல்லாம், கேட்கக் கூச்சப்படுகிற ஒரு பெண்ணின் மனத்தை முன்கூட்டியே அறிந்து சொல்லுகிற நூலில் ஒருவகைக் கருணை இருக்கிறது. அந்தக் கருணையை நான் ஆசாரிய லக்ஷணம் என்றே கருதுகிறேன். ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதி நகர்ந்துவிடுகிறவர், அந்தத் தேவை எவ்வளவு என்று அறியாத ஒருத்தியே தம்மிடம் வந்திருக்கிறாள் என்பதை மறந்துவிடுகிறார்.

சமயக் கண்கொண்டு நோக்கினால் இந்த அளவு என்னும் விஷயம் இன்னும் ஆழமாகிறது. நம் வைதிக இல்லங்களில், சுவாமிக்கு நிவேதனம் ஆகுமுன் சமைத்ததை நாவில் வைத்துப் பார்க்கலாகாது என்பது நியமம். வாசனையை முகர்வதுகூட ஆகாது என்று கண்டிப்பாக இருந்த பெரியவர்கள் உண்டு. அப்படியானால், புளியோதரைக்கு உப்பு சரியாக இருக்கிறதா, சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் போதுமா என்பதை அந்தக் கை எதைக் கொண்டு அறியும்? நாக்காகிய பிரத்தியக்ஷப் பிரமாணம் விலக்கப்பட்டுவிட்டபடியால், அளவாகிய சப்தப் பிரமாணம் ஒன்றே எஞ்சுகிறது. இத்தனை படி அரிசிக்கு இத்தனை வெல்லம் என்று முன்னோர் சொன்ன சொல்லை நம்பி, சுவைத்துப் பாராமலே இறக்கி, மூடி, சந்நிதிக்குக் கொண்டுபோகிற அந்தச் செயல், சிரத்தை என்பதற்கு நான் கண்டவற்றுள் மிகவும் தூய உதாரணம். அளவுப் பட்டியல் என்பது நவீன காலத்துச் சோம்பேறிகளுக்காக ஏற்பட்டது என்று எண்ணுகிறவர்கள், கோயில் மடப்பள்ளிகளில் பிரசாதத்துக்குப் படித்தரம் என்று அரிசியும் நெய்யும் மிளகும் அளந்து கொடுக்கப்பட்டதையும், அந்த அளவுகள் கல்வெட்டாகவே வெட்டி வைக்கப்பட்டிருப்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இதற்கு நேர் எதிரான சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், காளத்தி மலைமேல் வேடராகிய கண்ணப்பர், பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் தம் பல்லால் அதுக்கி, பதமானதையும் இனியதையும் மட்டும் தேக்கிலைக் கல்லையில் சேர்த்து இறைவனுக்கு ஊட்டுகிறார். ஆகமம் வழுவாது பூசிக்கும் சிவகோசரியார் மறுநாள் வந்து அந்த எச்சிலைக் கண்டு துடிக்கிறார். சுவைத்துப் பார்த்தவன், சுவைத்துப் பாராதவர் ஆகிய இருவரில் இறைவன் யாரைத் தள்ளினான்? இருவரையும் தள்ளவில்லை, சிவகோசரியாரை ஒளிந்திருந்து பார்க்கச் செய்து, மற்றவனுடைய அன்பின் அளவைக் காட்டினான். விதியைக் கைவிடுமாறு அவருக்கு உத்தரவு பிறக்கவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. சொல்லை நம்பிச் சமைப்பதும், நாவை நம்பிச் சமைப்பதும் ஒரே சந்நிதியில் அங்கீகாரம் பெற்றிருக்க, அவற்றில் ஒன்றே சமையல் என்று வாதிடுவது எதற்கு?

இனி மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கர இருப்புப்பாதையில் 46 கிலோமீட்டர் ஏறி உதகமண்டலம் வந்து சேரும் ஒருவர், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திராமல் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் அது 94 டிகிரியளவில் நிகழ்கிறது. கொதி சீக்கிரம் வருவதைப் பார்த்துச் சமையலும் சீக்கிரம் ஆகுமென்று புதிதாக வந்தவர் எண்ணுவார். நடப்பதோ அதற்கு மாறு. கொதித்துவிட்ட தண்ணீர், எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. தண்ணீரின் சூடு குறையக் குறையப் பருப்பு வேக ஆகும் நேரம் நீள்கிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைத்தால், கீழே மலர்ந்து குழைந்திருக்க வேண்டிய நேரத்தில் இங்கே அது நுரை தள்ளிக்கொண்டு முழுதாகச் சுழன்றுகொண்டிருக்கும். பிரஷர் குக்கர் வந்தபின் இந்தத் துன்பம் பெருமளவு நீங்கியது உண்மை. ஆயினும் குக்கருக்குள்ளும் கடற்கரை ஊரில் சுமார் 120 டிகிரி எட்டும் சூடு, உதகையில் நாலைந்து டிகிரி குறைந்தே நிற்பதால், ‘மூன்று விசில்’ என்று எழுதியிருந்தால் இங்கே இன்னும் ஒன்றிரண்டு வேண்டியிருக்கிறது. மாவு புளிப்பதும் இப்படியே. சென்னையில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் உதகையில் அதே மாவு, கரைத்து வைத்தபடியே சலனமற்றுக் கிடக்கும்.

ஆகவே, அச்சில் உள்ள சொல்லை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒரு பெண், வேகாத பருப்பையும் புளிக்காத மாவையும் எதிரில் வைத்துக்கொண்டு, பொய்த்தது நூலா, தன் கையா என்று திகைத்து நிற்கிறாள். பெரும்பாலும் தன் கைதான் என்று முடிவு கட்டிவிடுகிறாள். அதில்தான் எனக்கு வருத்தம். சாஸ்திரம் சொன்னபடி செய்தும் பலன் வராதபோது என்ன செய்வது என்ற இந்தப் பிரச்சினையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டு, அணு அணுவாக ஆராய்ந்த ஒரு தரிசனம் நமக்கு உண்டு. அது ஜைமினி முனிவரின் பூர்வ மீமாம்சை.

மீமாம்சை என்றவுடன் சுவர்க்கமும் அபூர்வமும் நினைவுக்கு வரலாம். ஆனால் அதன் ஏடுகளைப் பிரித்துப் பார்த்தால், அடுப்பும் உரலும் மாவும் நெய்யுமாகவே இருக்கும். வேள்வியில் இடப்படும் புரோடாசம் என்பது என்ன? நெல்லைக் குத்தி, உமி நீக்கி, அரைத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, மண் ஓட்டுச் சில்லுகளின்மேல் வைத்துச் சுட்ட ஓர் அடை. அக்கினிக்கு உரியதானால் எட்டுச் சில்லுகள். உமியை நகத்தாலும் உரிக்கலாமே, உலக்கையால் குத்த வேண்டும் என்று வேதம் விதித்தது எதற்காக என்பது அந்தச் சாஸ்திரத்தில் புகழ்பெற்ற ஒரு விவாதம். ஒரு செய்முறையிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எதன்பொருட்டு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே ஒரு முழுத் தரிசனத்தை எழுப்பிய சமுதாயம் நாம்.

அந்த மீமாம்சகர்கள், விரிவாக விதிக்கப்பட்ட மூல வேள்வியைப் பிரகிருதி என்றும், அதைப் பின்பற்றிச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதை விகிருதி என்றும் பிரித்தார்கள். மூலத்தின் அங்கங்கள் விகிருதிக்கும் செல்லும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செல்லா. அக்கினிக்குரிய மந்திரம் சூரியனுக்குரிய வேள்விக்கு வரும்போது, அக்கினியின் பெயர் இருந்த இடத்தில் சூரியனின் பெயரைப் பெய்து ஓத வேண்டும். இப்படிச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வதற்கு ஊஹம் என்று பெயர், ஜைமினி சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுதும் இதற்கே ஆனது. பத்தாம் அத்தியாயம் பாதம் எனப்படும் விலக்கைச் சொல்லுகிறது: அரிசிக்குப் பதிலாகப் பொன்மணிகளைக் கொண்டு செய்யும் ஒரு வேள்வியில், குத்துதல் என்ற அங்கம் விடப்படும், பொன்னுக்கு உமி இல்லை, உமி இல்லாத இடத்தில் உலக்கைக்கு வேலையும் இல்லை. பயனை அறிந்தவனே விதியை எங்கே மாற்றலாம், எங்கே விடலாம், எங்கே விடவே கூடாது என்று அறிவான். வேதத்தின் ஓர் அக்ஷரத்தையும் மனிதக் கற்பனை என்று ஒப்பாத பரம சிரத்தாளுக்களே இந்த விவேகத்தை வகுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, நம்பிக்கைக்கும் சுயபுத்திக்கும் பகை என்று நாம் பழகிவிட்ட எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்று தெரிகிறது. சென்னையில் எழுதிய செய்முறை பிரகிருதி. குன்னூர் அடுப்பு விகிருதி. இரண்டுக்கும் நடுவே வேண்டியது ஊஹம்.

அந்த ஊஹம் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டுவரிசையில் பாடமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, புத்தகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றாள். இலங்கை மலையகத்திலிருந்து, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் குடும்பத்தோடு இங்கே வந்து, நெடுங்காலம் கொழுந்து பறித்த அடுத்த வீட்டு மூதாட்டி உள்ளே வந்தார்.

“என்ன கண்ணு, இன்னுமா பருப்பு?”

“நேரம் ஆயிடுச்சு பாட்டி. புத்தகத்துல போட்டிருக்கிற நேரத்துக்கு மேலயே ஆயிடுச்சு. வேகல.”

“அது கீழ எழுதின நேரம்மா. நேரத்தை விடு. ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாரு.”

அவள் கரண்டியில் ஒன்றை எடுத்து, ஊதி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். ஓரம் மசிந்தது, நடுவில் வெண்மையாக ஒரு புள்ளி, ஊசி முனையளவு, நசுங்காமல் நின்றது. “அந்த வெள்ளை போகணும். போனப்புறம் உப்பைப் போடு, புளியை ஊத்து. அதுக்கு முன்னாடி புளி போட்டியானா விடியற வரைக்கும் வேகாது” என்றார் மூதாட்டி. மாவுப் பானையைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்பின் ஓரத்தில் வைக்கும் வழியையும் அன்றே சொல்லிக்கொடுத்தார்.

இந்தச் சிறு உபதேசத்தில் கடிகாரத்தின் இடத்தை அடையாளம் பிடித்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். நிமிஷம் என்பது பருப்பின் தன்மையும் நீரின் சூடும் சேர்ந்து விளைவிக்கும் பலனின் நிழல். ஊருக்கு ஊர் மாறும். நசுங்குதல் என்பது அந்தப் பலனே. எந்த ஊரிலும் மாறாது. புளியின் அமிலத்தன்மை பருப்பை மசியவிடாது என்ற காரணத்தைக் கடற்கரையிலும் சிகரத்திலும் ஒன்றுபோல் நம்பலாம். ஆகையால் அடையாளத்தையும் காரணத்தையும் கூடவே சொல்லுகிற செய்முறை, எழுதிய கை மண்ணோடு மண்ணான பின்பும், அந்தக் கை கண்டிராத மலையிலும் பலிக்கும். விரிவாகச் சொன்னால் கற்பவள் அடிமையாகிவிடுவாள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அநுபவம் அதற்கு மறுதலை: பாதி சொல்லி விட்டதைக் கற்றவளே, மாற்றத் துணியாமல், அறிந்த மூன்று குழம்புகளுக்குள் ஆயுளைக் கழிக்கிறாள்.

பிரதிநிதி என்று மீமாம்சையில் இன்னொரு பகுதி உண்டு. விதித்த நெல் அகப்படாவிட்டால் காட்டு நெல்லாகிய நீவாரத்தைக் கொள்ளலாம்; சோமக்கொடி கிடைக்காவிடில் பூதீகம் என்னும் கொடியைக் கொள்ளலாம். ஆனால் மாற்றாக வருவது மூலத்தோடு ஒப்புமை உடையதாக இருத்தல் வேண்டும், தொடங்கிய கருமத்தை இடையில் விடலாகாது. நீலகிரிச் சமையலின் வரலாறே பெரும்பாலும் பிரதிநிதியின் வரலாறுதான். முருங்கையும் கத்தரியும் கீழேயிருந்து லாரியில் ஏறி வரவேண்டிய ஊரில், 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் குடியேறிய உருளைக்கிழங்கும், பின் வந்த காரட்டும் முட்டைக்கோசும் நூல்கோலும் சாம்பாருக்கும் கூட்டுக்கும் வந்து சேர்ந்தன. சுரைக்காய்க் கூட்டுக்கு விதித்த இடத்தில் மேரக்காயைப் போடும் பெண், நீர்ச்சத்தும் மென்மையும் ஒத்திருப்பதைப் பார்த்தே போடுகிறாள். அங்கே உருளைக்கிழங்கைப் போட மாட்டாள். தென்னை மரமே இல்லாத உயரத்தில் இலங்கைத் தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் விடாமல் செய்துவருகிற தோட்டத்துக் குடும்பங்கள், தேங்காயை மட்டும் சுமந்து கொண்டுவரச் செய்து, அதற்குப் பிரதிநிதி இல்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள். எதற்கு மாற்று உண்டு, எதற்கு இல்லை என்னும் தீர்ப்பில் ஒரு சமூகத்தின் நினைவே அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் ஓர் ஆக்ஷேபம் எஞ்சுகிறது, அது வலுவானது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் தமயந்தி, உருக்குலைந்து பாகுகன் என்ற பெயரில் வந்திருக்கும் தேரோட்டியின்மேல் ஐயம் கொண்டு, அவன் சமைத்த உணவைத் தோழி மூலம் வரவழைத்துச் சுவைத்த மாத்திரத்தில், இது நளன் கைதான் என்று அறிகிறாள். முகம் மறைத்ததை நாக்கு வெளியிட்டுவிட்டது. எல்லாவற்றையும் சொல்லில் அடைத்துவிடலாமென்றால், அதே செய்முறையை அறிந்த வேறெவனும் அப்படிச் சமைத்திருக்கலாமே, தமயந்திக்கு அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது? நளன் பெயராலேயே பாகதர்ப்பணம் என்றொரு சம்ஸ்கிருத நூலும் வழங்குகிறது. அதைப் படித்தவர்களெல்லாம் நளர்களாகவில்லை. நான் இந்த ஆக்ஷேபத்தை ஒப்புகிறேன். கையில் ஏதோ ஒன்று சொல்லுக்கு அகப்படாமல் இருக்கிறது. ஆனால் அது கற்பவளிடம் இருந்து ஒளிக்கப்பட்ட ரகசியம் என்று ஒப்பமாட்டேன். அது அவளிடமே பிறக்க வேண்டியது. பிறர் கையைச் சொல் கொண்டுவந்து தராது, தன் கை உருவாகும்வரை கூட நிற்கும். அவ்வளவே அதன் தொழில், அது சிறிய தொழிலும் அன்று.

எழுத்தே இல்லாமல், செய்முறையே வழிபாடாக நின்றதற்கும் இந்த மலையே சாட்சி. தோதவர்களின் பாற்கோயில்களை 1906-இல் வெளியான தம் பெரிய நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் விவரித்திருக்கிறார். எருமைப்பாலைக் கறப்பதும், உறையிடுவதும், கடைவதும், வெண்ணெயை நெய்யாக உருக்குவதுமே அங்கே சடங்கு. அதைச் செய்பவரே பூசகர். பாற்கோயிலின் புனிதம் ஏற ஏற, கலத்தைத் தொடுவதற்கும் வைப்பதற்கும் உரிய நியமங்களும் ஏறுகின்றன. பழைய மோரைக் கொண்டு புதுப் பாலை உறையச் செய்யும் அந்தத் தொடர்ச்சியே அவர்களிடத்தில் புனிதமானது. கைப்பக்குவத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த உறைமோரே நினைவுக்கு வருகிறது. சிறிதளவே ஊற்றப்படுகிறது, ஆனால் உறைவது பால்தான், அதுவும் தனக்கு வேண்டிய வெதுவெதுப்பில், தனக்கு வேண்டிய நேரத்தில்.

நீலகிரிக்கென்று ஒரு பாகசாஸ்திரம் எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். படகர் வீடுகளின் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும், தோட்டத்து ரொட்டியும் சம்பலும், கீழேயிருந்து வந்து கம்பளிக்குள் உறங்கிப் புளித்த இட்லி மாவும் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அளவு, அடையாளம், காரணம் மூன்றும் வேண்டும். நேரத்தைக் குறித்தால், எந்த ஊரில், எந்த மாதத்தில் குறித்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அறிந்த பாட்டிமார்கள் இன்னும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். கேட்டு எழுதுகிறவர்கள் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கலாம், பருப்பிலிருந்து.